ஏழாவதாக எழுதிய பாதை

எங்கள் தாமான் திடலின் வாசலில் ஒரு வளைவு நிற்கிறது. நான்கு தூண், மேலே சிவப்பு ஓட்டுக் கூரை, நெற்றியில் மூன்று மொழியில் நல்வரவு. உள்ளே போனால் வரவேற்க ஒன்றும் இல்லை. உடைந்த சறுக்குமரம் ஒன்று, முழங்கால் உயரப் புல், மழை பெய்தால் குட்டை. அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதைக் கேட்டு எழுதிய கை என்னுடையது என்பதால் கூடுதலாகவே எரியும்.

ஈப்போவிலிருந்து செமோர் போகும் வழியில், ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுக் கட்டிய வீட்டு வரிசைகள்தான் இந்தத் தாமான். பாதி வீடுகளில் அதே எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களின் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். வீடு கட்டியவன் நடுவில் ஒரு திடலை விட்டுவிட்டுப் போனான். விட்டுவிட்டுப் போனான் என்பதுதான் சரி, அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீடு அந்தத் திடலைப் பார்த்த வரிசையில் மூன்றாவது.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஈப்போவுக்கும் தாப்பாவுக்கும் பஸ் ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. அத்தனை வருஷம் பிரேக்கை மிதித்த கால். ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்தி, நடக்கப் பழக்கினார்கள். பழக்கிய பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் அரை மணி நேரம் சமமான தரையில் நடக்க வேண்டும், விட்டுவிட்டால் இடுப்பு இறுகிப் போகும், அப்புறம் சக்கர நாற்காலிதான் என்று சொன்னாள். நல்ல பெண். சமமான தரை எங்கே இருக்கிறது என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நாலு அடி வைத்தால் சோபா, இன்னும் நாலு வைத்தால் பிரிட்ஜ். வெளியே தெருவில் மோட்டார் சைக்கிளும் நாய்களும். ஈப்போவில் பெரிய பூங்காக்கள் இருக்கின்றன, நடைபாதையெல்லாம் பளிங்கு மாதிரி. அங்கே கூட்டிப் போக எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டவளுக்கு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டேன். மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்தால், “நான் என்ன பார்சலா, ஏத்தி எறக்க?” என்று அவளை விரட்டுவார்.

ஒரு நாள் மாலை வீம்புக்குத் திடலில் இறங்கினார். முதல் நாள் மழை. பத்து அடி போவதற்குள் செயற்கைக் கால் சேற்றில் புதைந்தது, இவர் இழுத்தார், கால் அங்கேயே நின்றுவிட்டது. இவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், கால் மட்டும் ஷூவோடு சேற்றில் நட்டு வைத்த கம்பு போல நிற்கிறது. எதிரே ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இவர் நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்திருப்பார். வீட்டுக்கு வந்து காலைக் குழாயடியில் கழுவி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். அதற்குப் பிறகு நான் எவ்வளவு கத்தியும் தொடவில்லை.

அவர் கால் புதைந்த அந்தப் பள்ளம் தானாக வந்ததல்ல. அது ஒரு லோரிச் சக்கரத்தின் தடம். லோரி எங்கள் தாமான் குழுத் தலைவருடையது. மண் ஏற்றும் லோரி. ராத்தங்க அதைத் திடலுக்குள் ஏற்றி நிறுத்துவார். பல வருஷங்களுக்கு முன்பே அதைப் பற்றி நகரசபைக்கு ஒரு புகார் எழுதிப் போட்டவள் நான். அவருக்குச் சம்மன் வந்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு கிராணியம்மா. பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது வெற்றிலைச் சாற்றைத் துப்புவது போல இருக்கும். அவர் தலைவர், நான் செயலாளர். எனக்கு மலாயில் கடிதம் எழுத வரும், அவருக்கு வராது. ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள அது ஒன்றுதான் காரணம்.

இப்படி இருக்கும்போதுதான் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலிருந்து ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. தாமான் திடல்களை மேம்படுத்த மானியம் இருக்கிறது, என்னென்ன வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள் என்று. பார்த்ததும் எனக்கு மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. திடலைச் சுற்றி ஒரு சிமெண்டுப் பாதை, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் இரும்புக் கம்பி. அது கிடைத்தால் என் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து தெருவைத் தாண்டினால் போதும்.

அதை நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் நாங்கள் எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். அங்கே தொரையிடம் எதையும் நேராகக் கேட்டவர்கள் கிடையாது. தண்ணீர்க் குழாய் வேண்டுமென்றால் புது வீடு வேண்டும் என்று மனு எழுதுவார்கள். தொரை வீட்டை வெட்டுவான், கூரையை வெட்டுவான், கடைசியில் குழாயைக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்தது போல முகத்தை வைத்துக்கொள்வான். குழாயை மட்டும் கேட்டால் வாளி கொடுப்பான். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, சோற்றோடு சேர்ந்து உள்ளே போனது.

தலைவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நடந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவருக்கு மேடை, ஒருவருக்குப் பூப்பந்து மைதானம், ஒருவருக்கு வண்ண விளக்கு. ஒருவர் நீரூற்று கேட்டார். லோங்காங் சாக்கடையில் ஓடும் தண்ணீரே இவர் வீட்டு வாசலில் ஊற்றாகத்தான் பொங்கும், அது போதாது போல. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எனக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. ஆகாததை எல்லாம் மேலே வைத்து, ஆகக்கூடியதைக் கடைசியில் வைக்க வேண்டும். ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் மேலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருவான், கை சலித்துப் போகும் இடத்தில் என் பாதை இருக்கும். ஏழாவது வரி. அதற்கு மட்டும் அளவு எல்லாம் போட்டு எழுதினேன்.

முதல் வரிக்கு எதை வைப்பது? ஆகவே ஆகாத, எந்த ஆபீசரும் பார்த்தவுடன் சிரித்து வெட்டக்கூடிய ஒன்று வேண்டும். திடலுக்கு வளைவு என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. தலைவர் பூப்பந்து மைதானம்தான் முதலில் வர வேண்டும் என்று மல்லுக்கட்டினார்.

“அண்ணே, வளைவ மேல போடுவோம்லா,” என்றேன். அவரிடம் அத்தனை குழைவாகப் பேசி வருஷக் கணக்கில் ஆகியிருக்கும். “தாமான் பேரு அதுல இருக்கும். தலைவர் யாருன்னு கேட்டா உங்க பேருதானே வரும்.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அந்த வளைவு எழும்புவதை நானே பார்த்தேன்.

“நல்லா இருக்கே. போடுங்க கிராணியம்மா.”

வீட்டுக்கு வந்து நல்ல காகிதத்தில் எழுதி முடித்தேன். அன்று நான் என்னை ரொம்பக் கெட்டிக்காரியாக நினைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கணக்காகிவிடும்.

சில வாரம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் போன் செய்தான். நம் ஆள்தான்.

“ஆண்ட்டி, உங்க தாமானுக்கு லூலுஸ் ஆயிருச்சு. அடுத்த மாசம் வேலை ஆரம்பிச்சிருவாங்க.”

மானியம் கிடைத்துவிட்டது. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த காலைத் திரும்பிப் பார்த்தேன்.

“எது தம்பி கிடைச்சது?”

“நம்பர் ஒன்தான் ஆண்ட்டி. வளைவு. கேட்டத முழுசா குடுத்துட்டோம். மத்ததுக்கு இந்த வருஷம் பட்ஜெட் இல்ல.”

“ஏன் தம்பி, கீழ பாதைன்னு ஒண்ணு எழுதியிருந்தேனே?”

“அது ஏழாவதுலா ஆண்ட்டி. பாரத்துலயே இருக்கே, முக்கியமானத முதல்ல எழுதுங்கன்னு. உங்களுக்கு வளைவுதான் ரொம்ப முக்கியம்னு நாங்க புரிஞ்சிக்கிட்டோம்.”

பாரத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். இருந்தது, தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில். முப்பது வருஷம் பள்ளிக்கூட ஜன்னலில் உட்கார்ந்து, பாரத்தை ஒழுங்காகப் படிங்கள் என்று பெற்றோரை விரட்டியவள் நான். அந்தப் பையன்மீது எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. கேட்டால் கேட்டபடி கொடுத்துவிடுவதா? இப்படியும் ஒரு ஆபீசர் உண்டா? ஒரு வரியை வெட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

திரும்பப் போன் செய்து கேட்டேன், ஒரு வழி இருந்தது. குழுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் வளைவைப் பாதையாக மாற்றித் தர முடியும் என்றான். கடிதத்தை உடனே எழுதினேன். மறுநாள் மாலை அதே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். ஆனால் வளைவு அதற்குள் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டிருந்தது. பக்கத்துத் தாமானில் இல்லாத வளைவு. என்ன நிறம் என்பதில் ஏற்கெனவே இரண்டு கட்சி.

“கெடச்சத யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?” என்று கேட்டார் நீரூற்றுக்காரர்.

“வளைவால யாருக்கு என்ன லாபம்? பாதைன்னா நாலு பேரு நடப்பாங்க.”

“அப்ப எதுக்கு மொத லைன்ல வளைவ எழுதினீங்க?”

“தலைவர்தான் போடச் சொன்னாரு,” என்றேன்.

கூசாமல் சொன்னேன். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“யாரு, நானா? நான் பூப்பந்துன்னு கத்துனேன். என் பேரு வரும்னு ஆச காட்டி வளைவ மேல ஏத்துனது யாரு? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடிதத்தைப் பார்த்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“சரி விடுங்க. இப்ப நேரா சொல்லுங்க. இந்தப் பாதை யாருக்கு?”

அவருக்குத் தெரியும். ஒட்டுக்கடையில் அன்று அவரும் உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் வாய் திறக்கவில்லை. இந்த மனிதரிடம், லோரித் தடத்தால் அவரைச் சேற்றில் தள்ளிய மனிதரிடம், நான் கை நீட்டுவதா? என் வீட்டுக்காரரின் காலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதா?

“பொதுவுக்குத்தான்,” என்றேன். “பிள்ளைங்களுக்கு. வயசானவங்களுக்கு.”

“பொதுவுக்குன்னா பொதுவுல என்ன முடிவாகுதோ அதான்.” அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. வெளியே வரும்போது பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, “அண்ணனுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றாள். கையை உதறிவிட்டு வந்தேன். அவளுக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் அவளே எழுந்து சொல்லியிருக்கலாம்.

வீட்டில் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒட்டுக்கடை இருக்கும் தெருவில் எது தங்கும்? இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, “நீதான் வளைவு கேட்டியாமே?” என்றார். நான் ரசத்தை ஊற்றினேன்.

வளைவு எழும்பியது. வேலைக்காரர்கள் நன்றாகத்தான் செய்தார்கள். தெருவிலிருந்து லோங்காங்கைத் தாண்டித் திடல் வரைக்கும் சிமெண்டுத் தளம், அதன்மேல் நான்கு தூணும் கூரையும். திறப்பு விழாவுக்கு ரிப்பன், மாலை, பொட்டலம் பொட்டலமாக நாசி லெமாக். தலைவர் புதுச் சட்டையில் வந்து போட்டோவுக்கு நின்றார். என்னையும் கூப்பிட்டார்கள். தலை வலிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். பட்டாசுச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. தலைவரின் லோரி வளைவுக்கடியில் வந்து நின்றது. மேலே கூரை, கீழே சிமெண்டு, சேறு கிடையாது, வெயில் கிடையாது. அரசாங்க மானியத்தில் அவருக்கு ஒரு லோரிக் கொட்டகை! அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, ஒரு விதமான சந்தோஷம் வந்தது. ஆள் கையும் களவுமாகச் சிக்கிவிட்டார். புகைப்படம் எடுத்தேன். மேசையில் உட்கார்ந்து நகரசபைக்கு ஒரு புகார் எழுத ஆரம்பித்தேன். லோரி நிறுத்துவது ஒன்று, பிள்ளைகளுக்கு வழி மறைவது ஒன்று, எண்ணெய் சிந்துவது ஒன்று, காலையில் புகை ஒன்று. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. ஏழு காரணங்கள் ஆயின. எண்ணிப் பார்த்தபோதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

நான் புகார் எழுதிய மூன்று நாளும் என் வீட்டுக்காரர் கேட் ஓரம் நாற்காலி போட்டு லோரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைப் போலத்தான் கொதித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். “இருங்க, ஒரு வழி பண்றேன்,” என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் காலையில் புகாரைச் சுத்தமாக எழுதி, உறையில் போட்டு, தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். கதவைச் சாத்தும்போது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கதவுக்குப் பின்னால் கால் இல்லை. நாற்காலியிலும் ஆள் இல்லை.

தெருவைப் பார்த்தேன். வளைவுக்கடியில் லோரி இல்லை. அது தலைவர் வீட்டு வாசலில், தெருவைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. கழுவிவிட்டிருந்த வளைவின் தளத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதில் நடந்துகொண்டிருந்தார். ஒரு கையால் தூணைப் பிடிப்பார், விடுவார், நாலைந்து அடி வைப்பார், அடுத்த தூணைப் பிடிப்பார், திரும்புவார். பன்னிரண்டு அடி போக, பன்னிரண்டு அடி வர. பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. லோங்காங் திண்டில் தலைவர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கால்மாட்டில் வாளியும் துடைப்பமும்.

நான் உறையோடு தளத்தின் நடுவில் போய் நின்றேன். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“லோரி எங்க?” என்றேன். கண்ணெதிரே நிற்கும் லோரியை.

“நேத்து சாயங்காலம் வந்து கேட்டாரு,” என்றார் தலைவர். என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார். “கக்கத்துல கோல ஊனிக்கிட்டு என் வீடு வரைக்கும் வந்துட்டாரு. நடக்கணும்பா, லோரிய எடுன்னாரு. எடுத்துட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன? ஒரு வார்த்ததானே.” பீடியை லோங்காங்கில் எறிந்தார். “அன்னிக்கே கேட்டேன், யாருக்குன்னு. உங்களுக்காக எடுத்தேன்னு மட்டும் நெனச்சிராதீங்க கிராணியம்மா. உங்க மூஞ்சிக்கு நான் டயர்கூட நவுத்த மாட்டேன்.”

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். எனக்கும் அவருக்கும் இன்றுவரை அப்படியேதான். பாதையும் இன்னும் வரவில்லை. இந்த வருஷப் பாரத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன், என் வீட்டுக்காரர் நடப்பதற்கு என்று மலாயில் தெளிவாக. தலைவர் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். பதில் வரவில்லை.

அன்று காலை நான் அந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. ஏழு காரணம் எழுதிய உறை என் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மூன்றாவது தூணைப் பிடித்துத் திரும்பி, மூச்சு வாங்க என்னை நோக்கி வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னார்.

“தள்ளி நில்லு. எனக்கு இருக்கிறதே இவ்வளவு எடந்தான்.”

நான் தள்ளி நின்றேன்.